பச்சை விளக்கு சொல்லாத சேதி: கணினி கையில் ஒலிபரப்புச் சாவி

டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளின் ரேடியோ அமைப்புப் பக்கத்தில் ரெண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று 'டெஸ்ட் கேட்'. அழுத்திப் பார்த்து, கணினியும் ரேடியோவும் பேசிக்கொண்டால் அது பச்சையாகும். இன்னொன்று 'டெஸ்ட் பிடிடி'. அதை அழுத்தினால் ரேடியோ ஒலிபரப்பு நிலைக்குப் போகும், பொத்தான் சிவப்பாகும். அமெச்சூர் ரேடியோவுக்குப் புதுசா வருகிறவர்கள் இந்தப் பச்சையைப் பார்க்க ரெண்டு மூணு ராத்திரி மல்லுக்கட்டுவார்கள். கேபிள், டிரைவர், பாட் ரேட், போர்ட் எண் என்று ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் பச்சை வந்ததும் வேலை முடிந்தது என்று நிம்மதியாகிவிடுவார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது என்பதுதான் என் புகார்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. சிற்றலை ரேடியோவில் ஒரே பெட்டிதான் கேட்கும், அதே பெட்டிதான் பேசும். ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்யாது. மைக்கில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் பேசும் பக்கம், விட்டால் கேட்கும் பக்கம். 'புஷ் டு டாக்', சுருக்கமாக பிடிடி. 1980களில் ஜப்பானிய கம்பெனிகள் ரேடியோவுக்குள் மைக்ரோபிராசசர் வைக்க ஆரம்பித்தபோது, வெளியிலிருந்து கணினி வழியாகவும் அதை ஆட்டுவிக்க ஒரு துளை வைத்தார்கள். யாயெசு கம்பெனி அதற்கு வைத்த பெயர் 'கம்ப்யூட்டர் எய்டட் டிரான்ஸ்சீவர்', அதாவது கேட். (கம்பெனி பெயரை எங்க ஊரில் சத்தமா சொன்னால் கோயிலுக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.) ஐகாம், கென்வுட் கம்பெனிகளுக்கு வேறு வேறு மொழி. ஒவ்வொரு மொழியையும் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியா கற்றுக்கொள்ள வேண்டாம் என்று 2000இல் தொடங்கியது ஹாம்லிப் என்கிற திறமூல நூலகம். இன்று அது நூற்றுக்கணக்கான ரேடியோக்களோடு பேசும். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸும் பெரும்பாலான ரேடியோக்களை அதன் வழியாகத்தான் தொடுகிறது.

இதுவரை எல்லாம் நல்ல கதை. அலைவரிசையைக் கணினி மாற்றுகிறது, பதிவேட்டில் தானே எழுதுகிறது, யாருக்கு நஷ்டம்? பொத்தானை அழுத்தும் விரலும் கணினியுடையதாக ஆகும் இடத்தில்தான் விஷயம் வேறு. அலைவரிசை தப்பாகப் போனால் திருப்பி வைக்கலாம். அனுப்புவது அப்படி இல்லை; போனது போனதுதான்.

விரலைக் கணினிக்குக் கொடுக்க மூன்று வழி உண்டு. முதலாவது வாக்ஸ். கணினியின் ஒலி அட்டையிலிருந்து சத்தம் வந்தால் ரேடியோ அனுப்பும், சத்தம் நின்றால் நிறுத்தும். இரண்டாவது, சீரியல் போர்ட்டில் இருக்கும் ஆர்டிஎஸ் அல்லது டிடிஆர் என்ற கம்பியை மேலே தூக்குவது. கம்பி தூக்கியிருக்கும் வரை அனுப்பும், இறக்கினால் நிற்கும். மூன்றாவது கேட் கட்டளை. 'அனுப்பு' என்று ஒரு வரி, அப்புறம் 'நிறுத்து' என்று ஒரு வரி.

யாரைக் கேட்டாலும் மூன்றாவதுதான் நவீனம், சுத்தம், ஒரே கேபிளில் எல்லாம் முடியும் என்பார்கள். வாக்ஸ் என்றால் 'அது வேற வழியில்லாதவங்க பண்றது' என்று ஒரு இளக்காரம். மென்பொருள்காரனாக எனக்கு இந்த வரிசை தலைகீழாகப் படுகிறது. ஒழுங்காக ஓடும்போது எது அழகா இருக்கு என்று பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஒன்று உடையும்போது எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால், நிலைமை வேற.

வாக்ஸில் அனுப்புவதற்கான காரணமும் அனுப்பப்படும் பொருளும் ஒன்றே. மென்பொருள் செத்தால் சத்தம் நிற்கும், ரேடியோ விட்டுவிடும். ஆர்டிஎஸ் கம்பியில் மென்பொருள் செத்தால் இயங்குதளம் போர்ட்டை மூடும், கம்பி இறங்கும். மென்பொருள் சாகாமல் இயங்குதளமே உறைந்துபோனால் மட்டும் யூஎஸ்பி சிப் கடைசி நிலையைப் பிடித்துக்கொண்டே நிற்கும். ஆக பாதிப் பாதுகாப்பு. கேட் கட்டளையில் 'அனுப்பு' என்று சொல்லிவிட்டு மென்பொருள் செத்தால் ரேடியோவுக்கு எதுவுமே தெரியாது. 'நிறுத்து' வரும் வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். எசமான் செத்த சேதி வராத வேலைக்காரன் மாதிரி.

'மென்பொருள் எத்தனை தடவைங்க செத்துப்போகுது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே ஒரு விசேஷம் இருக்கு. இணைப்பு அறுந்துபோக அதிக வாய்ப்புள்ள நேரமே ஒலிபரப்பு நடக்கும் நேரம்தான். ஆன்டெனாவில் ஏதோ சரியில்லை, ஒலிபரப்பு ஆற்றலில் ஒரு பங்கு திரும்பி அறைக்குள்ளேயே சுற்றுகிறது, யூஎஸ்பி கேபிள் அதைப் பிடித்துக்கொள்கிறது, கணினி 'சாதனம் கழற்றப்பட்டது' என்கிறது. சிற்றலையில் டிஜிட்டல் முறைகள் பழகுகிறவர்கள் எல்லாருக்கும் பழக்கமான வியாதி. கேபிளில் ஃபெரைட் வளையம் மாட்டச் சொல்வது இதற்குத்தான். அதாவது, 'நிறுத்து' என்ற சொல் போகவேண்டிய பாதையை 'அனுப்பு' என்ற செயலே அறுக்கிறது. இதை விடக் கெட்ட வடிவமைப்பை யோசித்துத்தான் செய்யணும்.

தருவைகுளத்தில் இது வெறும் ஏட்டுப் பிரச்சினை இல்லை. கிழக்கே மன்னார் வளைகுடா, சுற்றிலும் உப்பளம். இந்தக் காற்றில் வெளியில் மாட்டிய எந்தக் கனெக்டரும் ரொம்ப நாள் பளபளப்பாக இருக்காது. கோஆக்ஸ் கேபிளின் பின்னலில் பச்சை பூத்தால் ஆன்டெனா தன் ஆற்றலை விழுங்காமல் துப்பும்.

அடுத்து, என் கண்ணுக்கு மிக நெருக்கமான உதாரணத்துக்கு வருகிறேன். ஹைதராபாத்தில் இருக்கும் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ். 2017 டிசம்பரில் வந்தது. சிற்றலை முழுவதும் வேலை செய்யும் ரேடியோ ஒன்றை நூறு டாலருக்குச் சற்று மேலே விலை வைத்து, சர்க்யூட்டையும் மென்பொருளையும் எல்லாருக்கும் திறந்துவைத்துக் கொடுத்தார். அதுவரை ஜப்பான் பெட்டி ஒன்றை வாங்க முடியாமல் ஏங்கிக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கு, இந்தியாவில் மட்டுமில்லை உலகம் முழுக்க, இதுதான் முதல் சிற்றலை ரேடியோ. அந்தக் கடன் எனக்கும் உண்டு. திறந்து வைத்ததால்தான் உள்ளே புகுந்து படிக்க முடிகிறது. லட்ச ரூபாய் ரேடியோவுக்குள் இதை விட மோசமாக இருக்கலாம், பார்க்க விட மாட்டார்கள்.

மைக்ரோ பிட்எக்ஸின் மூளை ஒரு ஆர்டுயினோ நானோ. கணினியோடு பேசும்போது அது யாயெசு எஃப்டி-817 போல வேஷம் போடுகிறது. காரணம் எளிது: எஃப்டி-817இன் மொழி எல்லா மென்பொருளுக்கும் ஏற்கெனவே தெரியும். ஐந்து பைட் கொண்ட கட்டளைகள். ஐந்தாவது பைட்தான் வினைச்சொல். 08 என்றால் அனுப்பு. 88 என்றால் நிறுத்து.

அந்த நிரல்பகுதியைப் படித்தால் மூன்று இடத்தில் நின்று யோசிக்கணும்.

ஒன்று. கட்டளையின் ஐந்து பைட்டில் ரெண்டு மூணு மட்டும் வந்து மிச்சம் வராமல் போனால் என்ன செய்வது என்று எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். அரை விநாடி பொறுத்துப் பார்த்து, வந்ததைத் தூக்கிப் போட்டுவிடும். நல்ல பழக்கம். ஆனால் 08 முழுசாக வந்து, 88 வராமலே போனால்? அதற்கு எந்தக் கடிகாரமும் இல்லை. கட்டளை பாதியில் நின்றால் அரை விநாடியில் பொறுமை போகிறது, ஒலிபரப்பு பாதியில் அநாதையானால் காலம் முழுக்கக் காத்திருக்கிறது.

ரெண்டு. கணினி வழியாக ஒலிபரப்பு தொடங்கினால் ஒரு கொடி ஏற்றப்படுகிறது. அந்தக் கொடி பறக்கும் வரை மைக்கில் இருக்கும் பிடிடி பொத்தானை ரேடியோ கவனிப்பதே இல்லை. காரணம் புரிகிறது: கவனித்தால், பொத்தான் அழுத்தப்படவில்லையே என்று உடனே ஒலிபரப்பை நிறுத்திவிடும். ஆனா விளைவு என்ன? கணினி தொங்கிவிட்டது, மனுஷன் பதறி மைக் பொத்தானை அழுத்தி அழுத்தி விடுகிறான், ரேடியோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாவியைக் கணினியிடம் கொடுத்தபின் வீட்டுக்காரனுக்கே வாசல் இல்லை.

மூன்று. இதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. எஃப்டி-817 மொழியில் 'எஃப்7' என்று ஒரு கேள்வி உண்டு: நீ இப்போ அனுப்பிக்கொண்டிருக்கிறாயா, எவ்வளவு ஆற்றல் போகுது, ஆன்டெனா ஆற்றலைத் திருப்பி அடிக்குதா? அருமையான கேள்வி. மைக்ரோ பிட்எக்ஸ் இதற்குப் பதில் சொல்கிறது. அனுப்புகிறேனா இல்லையா என்பதை உண்மையாகச் சொல்கிறது. மற்ற ரெண்டுக்கும் நிரலிலேயே எழுதிவைத்த ஒரே பதில்: ஆற்றல் மானியில் 8, ஆன்டெனா நன்றாக இருக்கு. ஆன்டெனாவைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாலும் அதே பதில். இன்னொரு கேள்வி 'இ7', வருகிற சிக்னல் எவ்வளவு பலம் என்பது. அதற்கும் எப்போதும் 9. கடும் இடி மின்னலிலும் 9, செத்த அலைவரிசையிலும் 9.

ஏன் இப்படி? ரேடியோவில் அவற்றை அளக்கும் சர்க்யூட் இல்லை. பதில் சொல்லாவிட்டால் கணினி மென்பொருள் கோபித்துக்கொண்டு இணைப்பை வெட்டும். ஆகவே 'எல்லாம் நலம்' என்று கடிதம் எழுதிவிட்டார்கள். நானும் அலுவலகத்தில் இப்படிப்பட்ட போலிப் பதில்களை நிறையப் பார்த்தவன். சோதனைக்கு 'மாக்' என்று எழுதுவோம். சோதனையோடு அது நிற்கணும். இங்கே அது உற்பத்திக்கு வந்து, பத்து வாட் ஆற்றலோடு, ஐஆர்எஃப்510 என்கிற மலிவான டிரான்சிஸ்டர் ஜோடியின் தலைவிதியைத் தீர்மானிக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கு. 'தெரியாது' என்று சொல்ல அந்த மொழியில் வார்த்தையே இல்லை என்பது யாயெசு செய்த குறை. இல்லாத இடத்தில் 'நலம்' என்று நிரப்பியது நம் ஆட்கள் செய்த குறை. பச்சை விளக்கு எரிவதற்கு வேண்டியது சரியான வடிவத்தில் ஒரு பதில், அவ்வளவுதான். பதிலில் உண்மை இருக்கா என்று விளக்குக்குத் தெரியாது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிடணும். ஒற்றைப் பக்கப் பட்டை முறையில் ரேடியோ ஒலிபரப்பில் மாட்டிக்கொண்டாலும், உள்ளே சத்தம் போகாவிட்டால் வெளியே பெரிதாக எதுவும் போகாது. ஆகவே எஃப்டி8இல் மென்பொருள் செத்து ரேடியோ தொங்கினால் அலைவரிசை பாழாகும் என்று மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் காது அடைத்துப்போகும், டிரான்சிஸ்டர் சும்மா நின்று சூடாகும், அப்புறம் கணினியில் வாட்ஸ்அப் சேதி வந்தால் அந்த 'டிங்' பல ஆயிரம் கிலோமீட்டர் போகும். மோர்ஸ் முறையில் சாவி மாட்டிக்கொண்டால் கதை வேறு. அப்போது முழு ஆற்றலில் ஒரே தந்தி, நிற்காமல்.

இன்னொரு வேடிக்கை. ஆர்டுயினோ நானோவின் யூஎஸ்பி போர்ட்டை எந்த மென்பொருள் திறந்தாலும் அது ஒருமுறை மறுதொடக்கம் ஆகும். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸை மூடித் திறந்தால் மைக்ரோ பிட்எக்ஸ் தூங்கி எழுந்து, கேட்கும் நிலைக்கு வந்துவிடும். யாரும் திட்டமிடாத பாதுகாப்பு இது. ஆனால் 'ஒவ்வொரு தடவையும் ரீசெட் ஆகுதே' என்று எரிச்சல்பட்டு, ரீசெட் முனையில் ஒரு மின்தேக்கி வைத்து இதை அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. இருந்த ஒரே பின்வாசலையும் செங்கல் வைத்துக் கட்டுவது மாதிரி.

கப்பல் உலகம் இதே சிக்கலை எப்படித் தீர்த்தது என்று பார்க்கலாம். தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் பெரிய கப்பல்களில் டிஎஸ்சி என்கிற கருவி இருக்கும். 1999 பிப்ரவரியில் முழுசாக நடைமுறைக்கு வந்த உலகக் கடல் ஆபத்துதவி ஏற்பாட்டின் பகுதி. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கருவியே ரேடியோவை எடுத்துக்கொள்ளும், 8414.5 கிலோஹெர்ட்ஸ் போன்ற சிற்றலை அலைவரிசைகளில் கப்பலின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் அனுப்பும். அனுப்பிவிட்டுக் கேட்கும். 'வந்து சேர்ந்தது' என்று எதிர்ப்பதில் வராவிட்டால் மூன்றரையிலிருந்து நாலரை நிமிஷத்துக்குள் மறுபடி அனுப்பும். பதில் வரும் வரை, அல்லது மனுஷன் நிறுத்தும் வரை. கணினி விரல் வைத்த ஒலிபரப்புதான் இதுவும். ஆனால் பதிலை மையமாக வைத்துக் கட்டியது.

எங்க ஊர்ப் படகுகளுக்கு அந்த வசதி கிடையாது. தங்குகடலுக்குப் போகிறவர்களிடம் இருப்பது விஎச்எஃப் வாக்கிடாக்கி. கடல்மட்டத்தில் அது கண்ணுக்கெட்டிய தூரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, குமரி மாவட்டப் படகுகள் கரையின் குரல் எட்டாத தூரத்தில் இருந்தன. எச்சரிக்கை போய்ச் சேராத கதை எல்லாருக்கும் தெரியும். அந்தப் படகுகளுக்கென்று இஸ்ரோ செய்த 'டாட்' என்ற ஆபத்து அறிவிப்புக் கருவி 2010லிருந்தே உண்டு. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சேதி போகும், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கு. இருபதாயிரத்துக்கும் மேல் புழக்கத்தில் இருக்கு என்று இஸ்ரோவே சொன்னது. ஆனால் முதல் தலைமுறைக் கருவியில், அழுத்தியவனுக்கு 'உன் சேதி கிடைச்சது' என்று கடலில் பதில் வராது. இரண்டாம் தலைமுறைக் கருவியை 2024 தொடக்கத்தில் அறிவித்தபோது இஸ்ரோ முன்னால் வைத்துச் சொன்ன வசதியே அந்தப் பதில்தான். படகு கவிழும் நேரத்தில் பொத்தானை அழுத்திவிட்டு, போச்சா போகலையா என்று தெரியாமல் அலையில் கிடப்பவனின் நிலைமையை யோசித்துப் பார்த்தால், 'அனுப்பிவிட்டேன்' என்பதற்கும் 'சேர்ந்தது' என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம் தெரியும்.

பொழுதுபோக்கு ரேடியோவையும் உயிர்காக்கும் கருவியையும் ஒப்பிடலாமா என்று சிலர் சண்டைக்கு வரலாம். அமெச்சூர் ரேடியோக்காரர்கள்தான் தங்கள் பொழுதுபோக்குக்கு நியாயமாக ஒவ்வொரு பேரிடரையும் காட்டுகிறார்கள். காட்டுவதில் தப்பில்லை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான குழு ஒன்று போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து அமெச்சூர் ஒலிபரப்பு கேட்பது அபூர்வம் என்பதால், உலகம் முழுக்க இருப்பவர்கள் தங்கள் கணக்கில் ஒரு புது இடம் சேர்க்க வரிசையில் நின்றார்கள். 26ஆம் தேதி காலை நிலம் ஆடியது, கடல் வந்தது. கணக்கு எடுப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு, அதே ரேடியோவில் நிக்கோபார் தீவுகளின் சேதிகளை மாற்றிவிட ஆரம்பித்தார்கள். நாற்காலியில் ஆள் இருந்ததால் அந்த முடிவை எடுக்க முடிந்தது.

இங்கேதான் எஃப்டி8 வருகிறது. 1993இல் இயற்பியல் நோபல் வாங்கிய ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கும் 2017 நடுவில் வெளியிட்டது. பதினைந்து விநாடி ஒரு தவணை; அதில் 12.64 விநாடி அனுப்புவது. ஐம்பது ஹெர்ட்ஸ் அகலம் மட்டும் எடுத்துக்கொண்டு, மனுஷக் காதுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும் இடத்திலிருந்து சேதியைத் தோண்டி எடுக்கிறது. கணித வேலை என்ற வகையில் எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை. 14.074 மெகாஹெர்ட்ஸில் எந்நேரம் போனாலும் கூட்டம்.

ஒவ்வொரு தவணையும் கடிகாரத்தோடு ஒட்டி நடப்பதால், பிடிடியைக் கையால் அழுத்துவது நடைமுறையில் முடியாது, கணினிதான் அழுத்தணும். 'ஆட்டோ சீக்' என்ற வசதி கேள்விக்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று உரையாடலைத் தானே நடத்தும். ஆனால் ஒரு தொடர்பு முடிந்ததும் அடுத்ததைத் தொடங்க மனுஷன் ஒருமுறை தொடணும். முழுத் தானியக்கத்தை டெய்லர் குழு வேண்டுமென்றே தரவில்லை. யாரும் எதையும் தொடாவிட்டால் ஆறு நிமிஷத்தில் ஒலிபரப்பை நிறுத்த ஒரு 'டிஎக்ஸ் வாட்ச்டாக்' வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் காவல்நாய் எங்கே கட்டப்பட்டிருக்கு? அது காவல் காக்கவேண்டிய அதே மென்பொருளுக்குள். நாற்காலியில் ஆள் இல்லை என்பதை அது கண்டுபிடிக்கும். மென்பொருளே இறந்துபோனால் நாயும் கூடவே செத்துப்போகும்.

திறமூலம் ஆச்சே, அந்த ஒரு தொடுதலையும் எடுத்துவிட்ட திருத்தப் பதிப்புகள் புறப்பட்டன. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் பதிவேட்டில் இருபது நாடு. அமெரிக்க அமெச்சூர் சங்கமான ஏஆர்ஆர்எல், தன் டிஎக்ஸ்சிசி விருதின் விதிகளில் ஒரு வரி சேர்க்க வேண்டி வந்தது: ஒவ்வொரு தொடர்பையும் இரு பக்கமும் உள்ள ஆட்கள் அந்த நேரத்தில் நேரடியாகத் தொடங்கியிருக்க வேண்டும். விதியை எழுதலாம். 14.074இல் எதிரில் இருப்பது ஆளா நிரலா என்று அலையை வைத்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

எங்க ஊரில் படகு ஓட்டுகிற தம்பி ஒருத்தர் ஒருநாள் இந்தத் திரையைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேசில், ஜப்பான், இத்தாலி என்று வரி வரியாக வந்துகொண்டிருந்தது. 'அண்ணே, அந்தப் பக்கம் ஆளு இருக்கா, இல்ல அங்கயும் இதே மாதிரி பொட்டிதானா?' என்று கேட்டார். தெரியாது என்றேன். 'அப்ப ஒரு ஆபத்துன்னா இதுல சொன்னா யாரு கேப்பா?' என்றார்.

அவர் கேட்டதற்குத் தொழில்நுட்பப் பதில் இருக்கு. எஃப்டி8 சேதி ஒன்று 77 பிட். வழக்கமான அழைப்பு, சிக்னல் அளவு, வணக்கம் தவிர, விருப்பப்படி எழுத 13 எழுத்து இடம் உண்டு. ஒருவர் அதில் உதவி கேட்டு எழுதலாம். எழுதினால், இரவு முழுக்கத் தானாக ஓடும் பெட்டி அதை டிகோடு செய்யும், திரையில் காட்டும், தன் வரிசைக்குள் அடங்காத சேதி என்று தாண்டிப்போய் அடுத்த நாட்டைக் கூப்பிடும். 2018இல் ஜோர்டன் ஷெரர் இதே அலைவடிவத்தை வைத்துச் செய்த ஜேஎஸ்8கால் இந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்தது. அங்கே தட்டச்சு செய்து பேசலாம், கிடைத்ததா என்று பதில் வாங்கலாம். ஆனால் கூட்டம் அங்கே இல்லை, 14.074இல் இருக்கு.

தானியக்கமே கூடாது என்கிற ஆள் நான் இல்லை. டபிள்யூஎஸ்பிஆர் என்று ஒரு முறை இருக்கு, 2008லிருந்து. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை சின்ன ஆற்றலில் 'இன்னார், இன்ன இடம், இத்தனை ஆற்றல்' என்று மட்டும் சொல்லும். நான் பெட்டிதான், என்னோடு பேச வராதே என்று முகத்தில் எழுதிக்கொண்டு நிற்கும் நேர்மையான பெட்டி அது. நமக்கு இதில் தனி லாபமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகத்தான் போகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பது அதனால்தான். சாயங்காலம் சூரியன் விழுந்த பிறகு நம் தலைக்கு மேல் அயனமண்டலம் கொந்தளிக்கும், சிற்றலை சிக்னல்கள் படபடக்கும். அதை ராத்திரி ராத்திரியாக, ஆண்டுக்கணக்கில், தூங்காமல் குறித்துவைக்கப் பெட்டியால்தான் முடியும். கேட்கிற பெட்டிக்கு ஆள் தேவையில்லை. அனுப்புகிற பெட்டிக்குத்தான் கடிவாளம் வேணும்.

அந்தக் கடிவாளம் எப்படி இருக்கலாம்? மென்பொருள் உலகத்தில் இதற்குப் பழைய விடை உண்டு, குத்தகை. ஒரு சர்வர் இன்னொன்றுக்கு உரிமையை நிரந்தரமாகக் கொடுக்காது. சில விநாடிக்குக் கொடுக்கும், புதுப்பிக்காவிட்டால் தானாகப் பறிபோகும். ரயில் எஞ்சினில் ஓட்டுநர் அவ்வப்போது ஒரு பொத்தானை அழுத்தாவிட்டால் பிரேக் விழும், அதே தத்துவம்.

மைக்ரோ பிட்எக்ஸில் இதைச் செய்ய நாலே வரி போதும். எந்தக் கேட் கட்டளை முழுசாக வந்தாலும் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளணும். கணினி ஏற்றிய கொடி பறந்துகொண்டிருக்கும்போது, கடைசியாகக் குறித்த நேரத்திலிருந்து ஐந்து விநாடி தாண்டினால் ஒலிபரப்பை நிறுத்திக் கொடியை இறக்கணும். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் ஏற்கெனவே சில விநாடிக்கு ஒருமுறை 'எந்த அலைவரிசை?' என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்தக் கேள்வியே உயிர்த்துடிப்பு. அனுப்பும்போதும் அதை நிறுத்தாமல் கேட்கவைத்தால் போதும். கூடவே மைக் பொத்தானுக்கு ஒரு வேலை: கணினி அனுப்பும்போது அதை அழுத்தினால் 'விடு' என்று அர்த்தம்.

நேரடியா ஒரு காலவரம்பு வைத்தால் போதாதா என்று கேட்கலாம். எத்தனை விநாடி? எஃப்டி8க்கு 13 போதும், டபிள்யூஎஸ்பிஆருக்கு 110.6 விநாடி வேணும், கணினி வழியாகக் குரலில் பேசுகிறவருக்கு மூணு நிமிஷம்கூடப் பத்தாது. எல்லாருக்கும் பொதுவாக வைத்தால் மிகப் பெரியதைத்தான் வைக்கணும், அதற்குள் டிரான்சிஸ்டர் போய்ச் சேர்ந்திருக்கும். துடிப்பைக் கேட்பதில் இந்தத் தொல்லை இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அனுப்பலாம், உயிரோடு இருந்தால்.

எதிர்ப்பு ஒன்று உண்மையாகவே இருக்கு. துடிப்பு அனுப்பாத பழைய மென்பொருள்கள் இந்த ரேடியோவில் ஐந்து விநாடிக்கு மேல் பேச முடியாமல் போகும். அவர்களுக்கு மெனுவில் ஒரு விருப்பமாக வைத்து, இயல்பில் ஓடும்படி வைக்கலாம். இயல்பில் அணைத்து வைத்தால் யாரும் போடமாட்டார்கள் என்பது என் இருபது வருஷ அனுபவம்.

'எஃப்7' கேள்விக்கும் ஒரு வழி உண்டு. ஆன்டெனா நிலையை அளக்கும் சர்க்யூட் இல்லாதவரை, ஆற்றல் 8 என்பதற்குப் பதில் 0 என்று அனுப்பட்டும். பூஜ்யத்தைப் பார்க்கிறவன் 'என்ன இது?' என்று எழுந்து வந்து ரேடியோவைப் பார்ப்பான். 8ஐப் பார்க்கிறவன் வரமாட்டான்.

நிரலைத் தொட விரும்பாதவர்கள் இப்போதைக்குச் செய்யக்கூடியது: கடையில் வாங்கிய ரேடியோ என்றால் மெனுவில் 'டைம் அவுட் டைமர்' இருக்கா என்று தேடி, டிஜிட்டல் முறையில் இருக்கும்போது சிறிதாக வையுங்கள். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் கட்டுப்பாட்டுக் கம்பிகள் என்ற இடத்தில், பிடிடிக்குப் பயன்படுத்தாத கம்பியை 'லோ' என்று வையுங்கள். சில யூஎஸ்பி கேபிள்கள் கணினி எழும்போதே கம்பியைத் தூக்கும், அதனால் கணினி முதலில், ரேடியோ அப்புறம். விண்டோஸின் இயல்பு ஒலிக்கருவியாக ரேடியோவை வைக்காதீர்கள். அதைச் செய்துவிட்டால் வாக்ஸ் மேல் இருக்கும் இளக்காரத்துக்குப் பாதிக் காரணம் போய்விடும். மைக்ரோ பிட்எக்ஸ் வைத்திருப்பவர்கள் ரீசெட் முனையில் மின்தேக்கி வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள், குறைந்தது அந்த நாலு வரி நிரல் ஏறும் வரை.